ஆற்றுக்கும் காயலுக்கும் ஒரே கேனோ போதுமா?

கன்னியாகுமரி மாவட்டக் குழித்துறை வாசகர் ஒருவர் கேட்கிறார்: எங்கள் ஊர் வழியே ஓடும் தாமிரபரணியில் தனியாகவும், மணக்குடிக் காயலில் மனைவியோடும் எட்டு வயது மகளோடும், ஆண்டுக்கு ஒருமுறை கேரளக் காயல்களில் நண்பரோடு இரவு தங்கும் சாமான்களோடும் துடுப்புப் போட ஒரே கேனோ (மேலே திறந்த, ஒடுங்கிய துடுப்புப் படகு) போதுமா? போதுமென்றால் 14 அடியில் வாங்குவதா, 17 அடியிலா?

ஒன்று போதும். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு அளவையும் விட்டுவிட்டு, 16 அடி நீளமும் ஏறத்தாழ 3 அடி அகலமும் உள்ளதைத் தேடுங்கள். 14 அடிக் கேனோவில் மூவரும் சாமானும் ஏறினால் நீர்மட்டம் விளிம்பை நெருங்கிவிடும். 17 அடியில் தனியாளாகப் போனால், பிற்பகலில் எழும் கடற்காற்று அணியத்தை, அதாவது முன்முனையை, தள்ளிக்கொண்டு போகும், அதைத் திருப்புவதற்குள் தோள் ஓய்ந்துவிடும். முழுச் சுமையும் ஏற்றிய பிறகு விளிம்புக்கும் நீருக்கும் இடையே நடுப்பகுதியில் அரையடியாவது இருக்க வேண்டும் என்பதே நான் பார்க்கும் முதல் கணக்கு.

நீளத்தைவிட அடிப்பாகத்தின் வடிவமே முக்கியம். வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காததும் அதுதான். தட்டையான அடி, முதன்முதலில் ஏறி உட்காரும்போது அசையாமல் இருப்பதால் நம்பிக்கை தரும். ஆனால் பக்கவாட்டில் அலை வந்து ஓரளவுக்கு மேல் சாய்ந்தால், முன்னறிவிப்பின்றிக் கவிழ்ந்துவிடும். சற்றே வளைந்த அடி தொடக்கத்தில் லேசாக ஆடினாலும், சாயச் சாயப் பிடிமானம் தருகிறது என்பதால், குழந்தையை ஏற்றுபவர் அதையே எடுக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்க்கையில் இரு முனைகளும் ஓரிரு அங்குலம் மேலெழுந்திருந்தால் ஆற்று வளைவுகளில் எளிதாகத் திரும்பும். அதற்கு மேல் எழுந்திருந்தால் காயலில் நேராகப் போகாமல் அலையும். அடியில் துருத்தி நிற்கும் கட்டை வேண்டாம், அது பாறையில் மாட்டும்.

முன்பாதியும் பின்பாதியும் ஒரே வடிவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால், தனியாகப் போகும்போது முன் இருக்கையில் பின்னோக்கித் திரும்பி உட்கார்ந்து, அமரத்தையே, அதாவது பின்முனையையே, அணியமாக்கி ஓட்டலாம். எதிர்முனையில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை வைத்துவிட்டால் முன்பக்கம் தூக்காமல் சமமாக மிதக்கும். இதற்கு முன் இருக்கையின் பின்னால் கால் நீட்ட இடம் வேண்டும். குறுக்குச் சட்டம் மிக அருகில் வரும் மாடல்களில் இது நடக்காது.

எந்தக் கேனோவானாலும் காயல் கடலில் சேரும் பொழிமுகத்தைத் தாண்டிக் கடலுக்குள் கொண்டுபோகாதீர்கள். அங்கே உடையும் அலையைத் தாங்க அது செய்யப்படவில்லை. மூவாற்றுமுகத்தில் கோதையாறும் பறளியாறும் கூடித்தான் உங்கள் ஆறாக வருகின்றன என்பதால், குழித்துறையில் வெயில் அடித்தாலும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் உபரிநீர் திறந்திருக்கிறதா என்று விசாரிக்காமல் இறங்க வேண்டாம். உயிர்காப்பு அங்கி மூவருக்கும் கட்டாயம், மகளுக்கு அவள் எடைக்கு ஏற்றதாக.

இனி, எதில் செய்தது என்பது. பாலித்தீன் கேனோ மலிவு, பாறையில் மோதினாலும் நெளிந்து மீளும். ஆனால் 35 கிலோ அளவுக்குக் கனக்கும், கிழிந்தால் சாதாரணப் பசை ஒட்டாது. கெவ்லார் என்ற செயற்கை இழையில் செய்தது தூக்க இலகுவானது, விலைதான் கைக்கு எட்டாது. நம் மாவட்டத்தில் ஃபைபர் கண்ணாடி இழையே எனக்குச் சரியெனப் படுகிறது. கடற்கரை ஊர்களில் ஃபைபர் வள்ளங்களைப் பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது அன்றாட வேலை. தனியாகக் காரின் மேல் ஏற்றுவதற்கும் பாலித்தீனைவிடச் சில கிலோ குறைவாக இருக்கும். தடுப்பணைப் பாறைகளில் அடிக்கடி உரசுவீர்கள் என்றால் மட்டும் பாலித்தீனை எடுங்கள். அப்போது அதை வெயிலில் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைக்காமல், நிழலில் கவிழ்த்து, விளிம்புகளைக் கட்டைகளின் மேல் தாங்க வையுங்கள். சூட்டில் அதன் அடி உள்வாங்கிக் குழிந்துவிடும்.