ஃபர்னஸ் மாத்தற செலவு: பொட்டியோட விலை பாதி கதைதான்

கேள்வி: எங்க வீட்டைச் சூடாக்கற கேஸ் ஃபர்னஸுக்கு 18 வயசு ஆச்சு. சர்வீஸுக்கு வந்தவர் ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல விரிசல்னு சொல்லி கேஸை மூடிட்டுப் போயிட்டார். குளிர் ஆரம்பிக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினேன், முதல் ஆள் சொன்னதுக்கு மூணாவது ஆள் சொன்னது அப்படியே ரெண்டு மடங்கு. முதல் ரெண்டு பேரும் பழைய பொட்டி ஸ்டிக்கரைப் பார்த்து பத்து நிமிஷத்துல எழுதிக் குடுத்துட்டாங்க, மூணாவது ஆள் வீடு பூரா அளந்தார். எதை நம்பறது அண்ணா?

பதில்: முதல்ல அந்த விரிசல் விஷயத்தைப் பேசிடுவோம். கேஸ் எரியற புகை ஒரு பக்கம், உங்க ரூமுக்கு வர்ற காத்து இன்னொரு பக்கம், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தகடுதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். அது நிஜமாவே விட்டிருந்தா கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு வீட்டுக்குள்ள வரலாம், அதுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, அதனால "ரெண்டு நாள் ஓட்டிப் பார்ப்போம்"ங்கற பேச்சே வேண்டாம். ஆனா எங்க தொழில்ல புது பொட்டி விக்கறதுக்கு இந்த விரிசலையே சாக்கா சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, மறைக்க ஒண்ணுமில்ல. கேமரா விட்டு எடுத்த போட்டோவைக் காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டேன்னா வேற ஆளை வெச்சு ஒரு தடவை பாருங்க. அப்புறம் சீரியல் நம்பரை வெச்சு வாரண்டியைத் தேடுங்க, நிறைய மாடல்ல மத்த பார்ட்ஸை விட ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு மட்டும் வாரண்டி ரொம்ப நீளம், 20 வருஷம்கூட இருக்கும். ஆனா பார்ட் இலவசமா வந்தாலும் அதைக் கழட்டி மாட்டற கூலி உங்க தலையிலதான், 18 வயசு மெஷினுக்கு அந்தக் கூலியைக் கொட்டறது எனக்கு சரியாப் படல. இக்னைட்டர், ஃபிளேம் சென்சர் மாதிரி சின்ன சாமான் போயிருந்தா ரிப்பேரே பண்ணுங்கன்னு சொல்லியிருப்பேன்.

இப்போ கொட்டேஷன். ரெண்டு மடங்கு வித்தியாசம்னா யாரோ ஏமாத்தறாங்கன்னு உடனே முடிவு பண்ணாதீங்க, மூணு பேரும் மூணு வெவ்வேற வேலைக்கு விலை சொல்லியிருக்கலாம். பொட்டியைத் தவிர கூலி, காத்து போற டக்ட்ல பண்ற மாத்தம், புகைக்குழாய், கேஸ் லைன், தண்ணி வடியற டிரெயின், பெர்மிட், பழசைத் தூக்கிட்டுப் போறதுன்னு ஏகப்பட்டது இருக்கு, விலை ஏர்றதும் இறங்கறதும் பெரும்பாலும் அங்கதான்.

அதுலயும் சைஸ்தான் பெரிய விஷயம். ஸ்டிக்கரைப் பார்த்து எழுதறவர் பழைய ஆள் பண்ணின தப்பை அப்படியே காப்பி அடிக்கறார். பழசு ஒரு மணி நேரத்துக்கு 1,00,000 பிடியு (சூட்டை அளக்கற யூனிட்), 80% எஃபிஷியன்ஸி, அதாவது எரியற சூட்டுல வீட்டுக்கு வர்ற பங்கு 80%னு வெச்சுக்குங்க, வீட்டுக்குள்ள வர்ற சூடு 80,000. போன குளிர்காலத்துல ரொம்ப மோசமான குளிர் அடிச்ச ராத்திரி அது ஒரு மணி நேரத்துல மொத்தமா எத்தனை நிமிஷம் எரிஞ்சுதுன்னு ஞாபகம் இருக்கா? ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் இருந்தா அதுலயே கணக்கு இருக்கும். 35 நிமிஷம்னா உங்க வீட்டுக்கு நிஜமா வேண்டியது சுமார் 47,000 தான். 95% எஃபிஷியன்ஸில 60,000 பிடியு பொட்டி போட்டா 57,000 வெளிய வரும், தாராளம். பெருசாப் போட்டா நல்லதுதானேன்னு தோணும், எனக்கும் தொழிலுக்கு வந்த புதுசுல அப்படித்தான் தோணுச்சு, சொந்த வீட்டுலயே பெரிய பொட்டியா மாட்டி அஞ்சு நிமிஷத்துக்கொரு தடவை ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு சத்தம் கேட்டுட்டு கடைசி ரூம் மட்டும் குளிர்லயே கிடந்துச்சு. அடிக்கடி சூடாகி ஆறி சூடாகி ஆறித்தான் ஹீட் எக்ஸ்சேஞ்சர் தகடே சோர்ந்து போகுது, உங்களோடது விட்டதுக்கும் அது ஒரு காரணமா இருக்கலாம்.

அடுத்து 80-ஆ 95-ஆ. 80-ல இருந்து 95-க்குப் போனா அதே சூட்டுக்கு எரியற கேஸ் கிட்டத்தட்ட 16% குறையும். மொத்த கேஸ் பில்லுல 16% குறையாது, ஹீட்டிங்குக்குப் போறதுல மட்டும்தான். வெயில் மாசத்து பில் ஒண்ணை 12-ஆல பெருக்கி வருஷ பில்லுல கழிச்சா ஹீட்டிங் செலவு தோராயமாத் தெரிஞ்சிடும், அதுல 16% எடுங்க, ரெண்டு பொட்டிக்கும் உள்ள விலை வித்தியாசத்தை அதால வகுங்க. ஏழெட்டு வருஷத்துக்குள்ள பணம் திரும்புதுன்னா வாங்குங்க, பொதுவா ஒரு ஃபர்னஸ் 15-லிருந்து 20 வருஷம் ஓடும்.

ஆனா 95% பொட்டிக்கு ஒரு மறைமுக செலவு இருக்கு, மலிவான கொட்டேஷன்ல இது பெரும்பாலும் இருக்காது. இந்த வகை, புகையில இருக்கற நீராவியைத் தண்ணியாக்கி அந்த சூட்டையும் உறிஞ்சிடும், அதனால புகை ஆறிப்போய் பிவிசி பைப் வழியா சுவத்தைத் துளைச்சு வெளிய போகும், பழைய சிம்னி அதுக்கு வேண்டாம். உங்க வாட்டர் ஹீட்டரும் அதே சிம்னிலதான் புகை விடுதுன்னா அவ்வளவு பெரிய சிம்னிக்கு அது ஒண்டியா நிக்கும், சிம்னி சரியா சூடாகாது, புகை மேல இழுக்காம வீட்டுக்குள்ளயே திரும்பலாம். இதுக்கு சிம்னிக்குள்ள சின்ன லைனர், அதாவது உள்குழாய், இறக்கணும், இல்லன்னா வாட்டர் ஹீட்டரையும் மாத்தணும். அதோட பொட்டியில சேர்ற தண்ணி அமிலத்தன்மையா இருக்கும், அதை வடிக்க டிரெயின் வேணும், பக்கத்துல டிரெயின் இல்லன்னா சின்ன பம்ப். மூணு பேர்கிட்டயும் "லைனர் சேர்த்தியா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, யாரு யோசிச்சு எழுதினாங்கன்னு அப்பவே புரிஞ்சிடும்.

ஸ்டேஜ்னா தீ எத்தனை அளவுல எரியும்ங்கறது, அதுல ரெண்டு அளவு இருக்கற டூ-ஸ்டேஜ் போதும். குறைஞ்ச வேகத்துல ரொம்ப நேரம் ஓடும், சத்தம் கம்மி. தேவைக்கேத்த மாதிரி தீயைத் தானே கூட்டிக் குறைக்கற மாடுலேட்டிங் நல்ல சாமான்தான், ஆனா சைஸ் சரியா இருக்கற வீட்டுல அதுக்குக் குடுக்கற கூடுதல் காசு எனக்கு மனசு ஒப்பல, நாளைக்கு கன்ட்ரோல் போர்டு போனாலும் செலவு ஜாஸ்தி. யூவி விளக்கு, காத்து சுத்திகரிப்புன்னு ஒட்ட வெச்சிருந்தா தனியா விலை போடச் சொல்லி கொட்டேஷன்லேர்ந்து அடிச்சு விடுங்க, அந்தக் காசுக்கு 4 இஞ்ச் தடிமன் ஃபில்டர் வைக்கற பொட்டி கேக்கலாம். ஏசி காயில் (காத்தைக் குளிர வைக்கற பாகம்) ஃபர்னஸ் மேலயே உக்காந்திருந்து ஏசிக்கும் 15 வயசு ஆச்சுன்னா ரெண்டையும் சேர்த்து மாத்த என்ன ஆகும்னு கேட்டு வெச்சுக்குங்க, ஒரே கூலியில ரெண்டு வேலை முடியும்.

மூணாவது ஆளோட விலை ஏன் அவ்வளவுன்னு எனக்கு ஓரளவு யூகம் இருக்கு, அளந்தது, லைனர் போட்டது எல்லாம் நியாயம், மாடுலேட்டிங்கும் யூவியும் சேர்த்திருந்தா அது அவரோட ஆசை. அது ரெண்டையும் எடுத்துட்டு டூ-ஸ்டேஜுக்கு அவர்கிட்டயே புது கொட்டேஷன் வாங்குங்க, வீட்டுக்கு எவ்வளவு சூடு வேணும்ங்கற ஹீட் லோடு கணக்கையும் காகிதத்துல கேளுங்க. குளிர் வந்து வீடு விறைச்சப்புறம் பேரம் பேச வாய் வராது, அதனால இந்த மாசமே பேசி முடிச்சிடுங்க. மாட்டி முடிச்ச அன்னிக்கு உள்ள போற காத்துக்கும் வெளிய வர்ற காத்துக்கும் உள்ள டெம்பரேச்சர் வித்தியாசத்தை உங்க முன்னாடியே அளக்கச் சொல்லுங்க, அது எவ்வளவுக்குள்ள இருக்கணும்னு பொட்டி ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும். அதுக்குள்ள வந்தப்புறம் மீதிக் காசைக் குடுங்க.