வாட்ச் காட்டும் தூரமும் கால் ஓடிய தூரமும்

வாசகர் கேள்வி பதில்: ஓட்டப் பயிற்சி

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கையில் கட்டியிருக்கும் வாட்ச் காட்டும் தூரத்தையும் வேகத்தையும் எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கவலையையே வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து ஓடியவர்கள், திரையில் தெரியும் ஓர் எண் ஒத்துவராததால் தங்கள் உழைப்பையே சந்தேகிக்கும் நிலைக்கு வந்திருப்பதைப் படித்தபோது, மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

கேள்வி: அரை மாரத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஆறு மாதம் பயிற்சி செய்தேன். பந்தயம் முழுவதும் வாட்சில் சராசரி பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டர் ஓட எடுக்கும் நேரம், கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி என்றே இருந்தது. கணக்குப்படி அது போதும். ஆனால் முடிவுக்கோட்டைத் தாண்டியபோது வாட்ச் 21.4 கிலோமீட்டர் என்று காட்டியது. பந்தய நேரத்தை அளக்க ஓடுபவர்களுக்குத் தரும் சிப் பதிவு செய்த நேரமோ 2 மணி 1 நிமிடம் 37 நொடி. பாதையைத் தவறாக அளந்துவிட்டார்களா?

பதில்: உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது முறையாகச் சான்றளிக்கப்பட்ட பாதை என்றால், அளவில் பிழை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அத்தகைய பாதைகளை ஜிபிஎஸ் வைத்து அளப்பதில்லை. எஃகு நாடாவால் அளந்து குறித்த ஒரு நேரான தூரத்தில் சைக்கிளைப் பல முறை ஓட்டி, முன்சக்கரத்தில் பொருத்திய, சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற கருவி ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்துக்கொண்டு, பிறகு அதே சைக்கிளில் பந்தயப் பாதை முழுவதையும் அளக்கிறார்கள். அளப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் சாலையின் விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடுபவருக்குக் கிடைக்கக்கூடிய ஆகக் குறுகிய வழியிலேயே செல்வார். அப்படி அளந்த பிறகும் பாதை எள்ளளவும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் வீதம் கூட்டிப் போடுகிறார்கள். அரை மாரத்தானின் 21.0975 கிலோமீட்டருக்கு இது சுமார் 21 மீட்டர்.

ஆகவே அந்தப் பாதையில் எவராலும் அறிவிக்கப்பட்ட தூரத்தைவிடக் குறைவாக ஓட முடியாது. கூடுதலாகத்தான் ஓட முடியும். கூட்டத்தோடு ஒரு செங்கோணத் திருப்பத்தில் 2 மீட்டர் வெளிப்பக்கமாகச் சுற்றி வந்தால் 3 மீட்டருக்கு மேல் கூடிவிடுகிறது. முன்னால் மெதுவாக ஓடுபவரைக் கடக்க விலகுவது, தண்ணீர் மேசைக்காகச் சாலையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போவது ஆகியவையெல்லாம் சேர்ந்து, உங்கள் வாட்ச் காட்டிய 300 மீட்டர் வித்தியாசத்தில் ஒரு பகுதி நீங்கள் உண்மையாகவே ஓடியதாக இருக்கும். மீதி, அடுத்த கேள்வியில் சொல்லப்போகும் ஜிபிஎஸ் பிழை. எது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல இயலாது, ஆனால் இரண்டின் விளைவும் ஒன்றுதான். வாட்ச் 21.4 கிலோமீட்டரால் வகுத்துத் தந்த 5:41 என்ற பேஸ், பந்தயத் தூரத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 நொடி கூடி 5:46 ஆகிவிடுகிறது.

அடுத்த பந்தயத்தில், ஒவ்வொரு கிலோமீட்டரின் நேரத்தையும் வாட்ச் தானே பிரித்துக் காட்டும் தானியங்கி லேப் வசதியை அணைத்துவிட்டு, சாலையோரத்தில் கிலோமீட்டர் பலகையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் லேப் பொத்தானை நீங்களே அழுத்துங்கள். திரையில் மொத்த நேரமும் லேப் நேரமும் மட்டும் இருக்கட்டும். 5 கிலோமீட்டர் பலகையில் 28 நிமிடம் 25 நொடி, 10 கிலோமீட்டரில் 56 நிமிடம் 50 நொடி என்று நான்கைந்து நேரங்களை உள்ளங்கையிலோ மணிக்கட்டுப் பட்டையிலோ எழுதிக்கொண்டு ஓடினால், வாட்சின் தூரக் கணக்கு எப்படிப் போனாலும் நீங்கள் இலக்கைத் தவறவிட மாட்டீர்கள். ஆறு மாத உழைப்பு வீணாகவில்லை. 97 நொடிதான் குறுக்கே நிற்கிறது.

கேள்வி: தினமும் ஒரே பாதையில்தான் ஓடுகிறேன். ஒரு நாள் 8.02 கிலோமீட்டர், மறுநாள் 8.19. உயரமான கட்டடங்களுக்கு நடுவே போகும்போது, ஆறு நிமிட பேஸில் ஓடிக்கொண்டிருக்கும் நான் திடீரென்று நான்கு நிமிட பேஸில் ஓடுவதாக வாட்ச் காட்டுகிறது. பழுதாகிவிட்டதா?

பதில்: பழுதில்லை. வாட்ச் உங்கள் பாதையை அளப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்; உண்மையில் அது நொடிக்கு ஒரு முறை "இப்போது நான் எங்கே இருக்கிறேன்" என்று கணித்து ஒரு புள்ளி வைக்கிறது, பிறகு அந்தப் புள்ளிகளைக் கோடிட்டு இணைத்து, கோட்டின் நீளத்தைத் தூரம் என்று சொல்கிறது. பிழைகள் எல்லாம் அந்தப் புள்ளியிலிருந்தே தொடங்குகின்றன.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் சமிக்ஞை எப்போது கிளம்பியது, எப்போது வந்து சேர்ந்தது என்ற கால வித்தியாசத்தை வைத்து, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிடமிருந்து தான் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பதை வாட்ச் கணக்கிட்டுத் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. சமிக்ஞை ஒளியின் வேகத்தில் வருவதால், நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலே தொலைவு 30 சென்டிமீட்டர் மாறிவிடும். திறந்த வெளியில்கூட இத்தகைய சிறு கருவிகளின் புள்ளி சில மீட்டர் தள்ளி விழுவது இயல்பு. உயரமான கட்டடங்களுக்கு நடுவே, சமிக்ஞை நேராக வராமல் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. அந்தச் சுற்றுவழியை வாட்ச் நேர்வழி என்று எடுத்துக்கொள்வதால், புள்ளி தெருவின் மறுபக்கத்துக்கோ கட்டடத்தின் மேலோ தாவுகிறது. ஒரு நொடியில் கூடுதலாக இரண்டு மீட்டர் தாவினால் போதும், பேஸ் தலைகீழாக மாறிவிடும். அடர்ந்த மரநிழலும், வீசும் கையும், சமிக்ஞையை மறைக்கும் நம் உடலும் தங்கள் பங்குக்குப் புள்ளியை நகர்த்துகின்றன.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு முறை பயிற்சி முடிந்ததும் வாட்சை நிறுத்த மறந்து, ஒரு கட்டடத்தின் ஓரமாகப் பத்து நிமிடம் நின்று பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, நான் நின்ற இடத்தில் குழந்தை கிறுக்கியதுபோல் ஒரு நூல்கண்டு இருந்தது. ஓர் அடிகூட எடுத்து வைக்காத அந்த நேரத்திலும் தூரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது. ஓடும்போதும் இதே நடுக்கம் கோட்டில் இருக்கிறது; நேரான பாதையை நெளிநெளியான கோடாக வரைந்தால் அதன் நீளம் கூடுமே தவிரக் குறையாது. நீங்கள் ஓடும் தெருவில் தூரம் அதிகமாகவே காட்டப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். இந்த நடுக்கத்தைக் குறைக்க வாட்சுக்குள் இருக்கும் மென்பொருள் கோட்டை இழைத்துச் சீராக்குகிறது. இழைப்பதில் அளவு மீறினால் திருப்பங்களின் முனை மழுங்கி, தூரம் குறைந்தும் போகலாம். ஒரே நாளில் ஒரே வாட்ச் ஒரு தெருவில் கூட்டியும் இன்னொரு தெருவில் குறைத்தும் காட்டுவது இப்படித்தான்.

செய்யக்கூடியவை சில உண்டு. இரட்டை அலைவரிசை வசதி வாட்சில் இருந்தால் அதை இயக்குங்கள், பழைய 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையோடு 1176.45 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் சேர்த்துக் கேட்கும் வாட்சுகள், சுவரில் பட்டு வரும் சமிக்ஞையை அடையாளம் கண்டு ஒதுக்குவதில் தெளிவாகவே மேம்பட்டவை. கலிலியோ, குளோனாஸ், பெய்டு ஆகிய மற்றச் செயற்கைக்கோள் தொகுதிகளையும் பயன்படுத்தும் அமைப்பு இருந்தால் அதையும் தேர்ந்தெடுங்கள். மின்கலம் கொஞ்சம் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். கிளம்புவதற்கு முன் வாட்சைப் போனோடு ஒரு முறை இணைத்துவிடுவதும் நல்லது. செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரம் வானிலிருந்து நொடிக்கு 50 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில்தான் வருகிறது. போன் அதை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. ஜிபிஎஸ் கிடைத்துவிட்டது என்று வாட்ச் அதிர்ந்த பிறகும் ஒரு நிமிடம் திறந்த வெளியில் நின்றுவிட்டுக் கிளம்புங்கள்.

அந்தந்த நொடியின் பேஸைத் திரையிலிருந்தே எடுத்துவிடும்படி என்னிடம் பயிற்சி பெறுபவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். தாவும் எண்ணைத் துரத்தி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடுவது உடலைத்தான் களைப்பாக்கும். நடப்புக் கிலோமீட்டரின் சராசரி பேஸ் போதுமானது.

கேள்வி: நான் ஓடுவது ஏற்ற இறக்கம் நிறைந்த பாதை. ஜிபிஎஸ் தட்டையாகத்தான் அளக்கும் என்கிறார்கள். தூரம் குறைவதற்கு இது காரணமா?

பதில்: மிகச் சிறிய காரணம். 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் கடுமையான ஏற்றத்தில்கூட, தட்டையாக அளந்த ஒரு கிலோமீட்டருக்கு விடுபடுவது 5 மீட்டர்தான். மலைப்பாதைகளில் தூரம் கணிசமாகக் குறைந்தால், கொண்டைஊசி வளைவுகளை வாட்ச் குறுக்கே வெட்டிவிடுகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள்.

கேள்வி: 400 மீட்டர் ஓடுகளத்தில் 10 சுற்று ஓடினேன். 4 கிலோமீட்டர் வர வேண்டிய இடத்தில் 4.28 காட்டுகிறது. 7 சதவீதப் பிழை என்றால் இந்த வாட்சை வைத்துக்கொண்டு என்ன பயன்?

பதில்: கடிதத்தின் கடைசியில், மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நான்காவது பாதையில் ஓடியதாக எழுதியிருக்கிறீர்கள். விடை அங்கேதான் இருக்கிறது. 400 மீட்டர் என்பது முதல் பாதையின் நீளம், அதுவும் உள் விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடினால். ஒவ்வொரு பாதையும் 1.22 மீட்டர் அகலம் என்பதால், வெளியே போகப் போகச் சுற்றுக்கு 7 மீட்டருக்கு மேல் கூடிக்கொண்டே போகும். நான்காவது பாதையில் ஒரு சுற்று சுமார் 422 மீட்டர், எட்டாவது பாதையில் சுமார் 453 மீட்டர். ஆக, நீங்கள் ஓடியது ஏறத்தாழ 4.22 கிலோமீட்டர். வாட்சின் பிழை 60 மீட்டர், அதாவது ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. தாராளமாகப் பயன்படுத்தலாம்.

சில வாட்சுகளில் மின்கலத்தை மிச்சப்படுத்துவதற்காகப் புள்ளிகளைச் சில நொடிகளுக்கு ஒரு முறை மட்டும் பதிவு செய்யும் அமைப்பு இருக்கும். ஓடுகளத்தில் அதைக் கட்டாயம் மாற்றிவிடுங்கள். 10 நொடிக்கு ஒரு புள்ளி என்றால், வளைவில் நீங்கள் ஓடிய 30 மீட்டரை அது 29.16 மீட்டர் நேர்கோடாக்கிவிடும். சுற்றில் பாதிக்கு மேல் வளைவுதான் என்பதால், சுற்றுக்கு 6 மீட்டருக்கு மேல் காணாமல் போகும். ஓடுகளத்துக்கென்றே தனி அமைப்பு இருந்தால், ஓடும் பாதையின் எண்ணைச் சரியாகக் கொடுத்து அதையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: நானும் தோழியும் சேர்ந்தே ஓடினோம். தூரம் இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் அவருடைய செயலி என்னைவிட நல்ல பேஸ் காட்டுகிறது. எப்படி?

பதில்: அவருடைய செயலி நின்ற நேரத்தைக் கழித்துவிட்டு, ஓடிய நேரத்தை மட்டும் வகுத்திருக்கும். சிக்னலில் நின்றதும் தண்ணீர் குடிக்க நின்றதும் உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கும். இருவரும் தானாக நிறுத்தும் வசதியை அணைத்து, மொத்த நேரத்தை ஒப்பிட்டால் சரியாகிவிடும். பந்தயத்தில் கடிகாரம் யாருக்காகவும் நிற்பதில்லை என்பதால், பயிற்சியிலும் அதை அணைத்து வைப்பதே என் விருப்பம்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஜிபிஎஸ் இல்லாத சாதாரண ஃபிட்னஸ் பேண்ட். டிரெட்மில் 5 கிலோமீட்டர் காட்டும்போது பேண்ட் 4.5 காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் சரிபார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம். பேண்டுக்குள் இருப்பது அசைவை உணரும் ஒரு சிறு சென்சார். அது கை வீச்சிலிருந்து காலடிகளை எண்ணி, ஒரு காலடியின் நீளம் இவ்வளவு என்று ஊகித்துப் பெருக்குகிறது. ஆறு நிமிட பேஸில் நிமிடத்துக்கு 165 அடி வைப்பவர் ஒரு கிலோமீட்டருக்கு 990 அடி வைக்கிறார். அவருடைய காலடி ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். உங்கள் உயரத்தைப் பார்த்துப் பேண்ட் அதை 92 சென்டிமீட்டர் என்று ஊகித்திருந்தால், கிலோமீட்டருக்கு 90 மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். வேகம் கூடினால் காலடி நீள்கிறது, களைத்தால் குறுகுகிறது. பேண்டின் ஊகம் அந்த மாற்றத்தை ஓரளவுக்குத்தான் பின்தொடரும். டிரெட்மில்லின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் கை வீச்சே இல்லாமல் போய், காலடி எண்ணிக்கையும் குறையும்.

டிரெட்மில்லும் தவறலாம். பெல்ட்டின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இயந்திரம் அணைந்திருக்கும்போது பெல்ட்டைக் கையால் நகர்த்தி அதன் முழுச் சுற்றளவை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். பிறகு நீங்கள் வழக்கமான வேகத்தில் ஓட, பக்கத்தில் ஒருவர் நின்று அந்தக் கோடு 100 முறை வந்து போவதை எண்ணட்டும். சுற்றளவு 3 மீட்டர் என்றால் ஓடியது 300 மீட்டர். எண்ணத் தொடங்கியபோதும் முடித்தபோதும் திரையில் இருந்த தூரங்களின் வித்தியாசத்தோடு அதை ஒப்பிடுங்கள். ஆள் ஏறியதும் சில இயந்திரங்களில் பெல்ட் சற்று மெதுவாகும் என்பதால், வெறும் பெல்ட்டை ஓடவிட்டு எண்ணினால் போதாது. பேண்டைச் சரிசெய்ய, ஓடுகளத்தின் முதல் பாதையில் 5 சுற்று ஓடி, அது காட்டும் தூரத்தை 2 கிலோமீட்டர் என்று செயலியில் திருத்திக்கொடுங்கள். திருத்தும் வசதி இல்லையென்றால், காலடி நீளத்தை நீங்களே கணக்கிட்டு அமைப்பில் எழுதுங்கள். மெதுவான ஓட்டத்துக்கு ஒரு முறை, வேகமான ஓட்டத்துக்கு ஒரு முறை எனத் தனித்தனியாகச் சோதித்து, இரண்டு அளவுகளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.