நொரில்ஸ்க் பயணம்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வரும் டிசம்பரில் ரஷ்யாவின் வடகோடியில் இருக்கும் நொரில்ஸ்க் நகரத்துக்குத் தனியாகப் போகத் திட்டமிட்டிருக்கிறேன். ‘உலகின் மிகச் சோகமான நகரம்’ என்று ஒரு காணொளியில் பார்த்த நாளிலிருந்து அந்த எண்ணம் என்னை விடவில்லை. சூரியனே உதிக்காத நாட்களில், ஆலைப்புகைக்கு நடுவே அந்த மனிதர்கள் எப்படித்தான் வாழ்கிறார்கள் என்று படமெடுக்க ஆசை. அனுமதி வாங்குவது எப்படி? எத்தனை அடுக்கு உடை வேண்டும்? கேமரா பேட்டரி அந்தக் குளிரைத் தாங்குமா? நான்கு நாட்கள் போதுமா?

முகிலன், கோவை

அன்புள்ள முகிலன்,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் நிக்கொலாய் உர்வான்ட்செவ் என்ற நிலவியலாளரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போக விரும்பும் ஊரின் முதல் வீட்டைக் கட்டியவர் அவர். அதனால் உங்கள் கேள்விகளைத் தள்ளிவைக்க முடியவில்லை. ஆனால் நீங்கள் கேட்டவற்றில் பாதிக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. உடையைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் குளிர்தேசம் போய்வந்த எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அனுமதி மட்டும் முக்கியம். 2001 முதல் வெளிநாட்டவர்கள் நொரில்ஸ்குக்குள் தனி அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. ரஷ்ய விசா வேறு, இது வேறு. அங்கிருந்து உங்களை அழைக்கும் ஒருவர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், ரஷ்ய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒப்புதல் தர வேண்டும், அதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம். இந்த ஊரை நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைக்கும் சாலையும் இல்லை, ரயில் பாதையும் இல்லை. எண்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி யெனிசேய் ஆற்றங்கரையில் இருக்கும் துதின்கா துறைமுகத்துக்குப் போகும் தண்டவாளத்திலும் இப்போது சரக்கு மட்டுமே போகிறது. விமானத்தில் போகலாம், கோடையில் கிராஸ்நொயார்ஸ்கிலிருந்து ஆற்றுக் கப்பலில் துதின்கா வரை போகலாம். துதின்காவுக்கும் அதே அனுமதி தேவை.

இனி, உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்திய சொற்றொடருக்கு வருகிறேன். ‘சோகமான நகரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஊருக்குப் போவதற்கு முன்பே அந்த ஊர் எப்படி இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டு, அந்த முடிவுக்குப் பொருந்தும் படங்களை எடுப்பதற்காக இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போவது எந்த வகைப் பயணம்? ஒன்றேமுக்கால் லட்சம் பேர் அங்கே சமைக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய துயரத்தைக் காட்சிப்பொருளாக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது? நீங்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

அந்த நகரத்தில் துயரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு காணொளித் தலைப்பில் அடங்காத அளவுக்கு இருக்கிறது. உர்வான்ட்செவ் 1919 முதல் அந்த மலைகளில் நிலக்கரியையும் தாமிரத்தையும் நிக்கலையும் தேடி அலைந்தவர். 1921-இல் அங்கே மரக்கட்டைகளால் ஒரு வீடு கட்டிக் குளிர்காலத்தைக் கழித்தார். 1935-இல் அங்கே சோவியத் அரசின் கைதிகள் முகாம் தொடங்கியது. சுரங்கங்களையும் ஆலைகளையும் ரயில் பாதையையும் கைதிகளே கட்டினார்கள். 1938-இல் உர்வான்ட்செவும் கைதுசெய்யப்பட்டார். பிறகு, தான் கண்டறிந்த அதே நொரில்ஸ்குக்கு அவர் கைதியாகவே அனுப்பப்பட்டார். அங்கும் நிலவியல் வேலைதான் செய்தார். அவர் குற்றமற்றவர் என்று அரசு ஒப்புக்கொண்டது 1954-இல். அவர் 1985-இல் லெனின்கிராதில் இறந்தார். அவர் விரும்பியபடி அவருடைய அஸ்தி நொரில்ஸ்குக்குக் கொண்டுபோகப்பட்டது. தன்னைக் கைதியாக்கி வைத்த ஊரில் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு மனிதர் ஏன் நினைத்தார்? இதைத்தான் நான் இத்தனை நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘சோகம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியை நெருங்கக்கூட முடியவில்லை.

கிராஸ்நொயார்ஸ்கில் நான் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நொரில்ஸ்கில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தந்தை முகாமிலிருந்து விடுதலையானபின், திரும்பிப் போக வீடென்று ஒன்று இல்லாததால், அங்கேயே சுரங்க வேலையில் சேர்ந்துவிட்டார். ஒரு நாள் மாலை அந்த அம்மையார் யெனிசேய் மீனைப் பாதி உறைந்த நிலையிலேயே எடுத்து, தோலை உரித்து, விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, வெங்காயம், உப்பு, மிளகு, எண்ணெய், கொஞ்சம் வினிகர் சேர்த்துக் கையாலேயே பிசைந்து என் முன் வைத்தார். சுகுதாய் என்று பெயர். சமைக்காமல் அப்படியே சாப்பிட வேண்டும். நான் தயங்குவதைப் பார்த்தும் அவர் வற்புறுத்தவில்லை, தன் தட்டில் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். பனிப்புயல் நாட்களில் இன்று பள்ளி உண்டா இல்லையா என்று காலையில் வானொலியில் சொல்வதைக் கேட்பதற்காகப் பிள்ளைகள் போர்வைக்குள் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பது. சூரியன் வராத வாரங்களில் மழலையர் பள்ளியில் உள்ளாடையோடு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு புறஊதா விளக்கைச் சுற்றி வட்டமாக நிற்பது. ஆகஸ்டில் ஊரே வாளிகளைத் தூக்கிக்கொண்டு துந்திராவுக்குக் காளானும் காட்டுப் பழமும் பறிக்கக் கிளம்புவது. காற்று ஆலைப்பக்கத்திலிருந்து வீசும் நாட்களில் தொண்டை எரிவதையும், ஊருக்கு அப்பால் பட்டுப்போய் நிற்கும் மரங்களையும் அவர் அதே குரலில்தான் சொன்னார். எதையும் மறைக்கவுமில்லை, எதற்காகவும் இரக்கம் கேட்கவுமில்லை.

அந்த ஆலைகளைப் பற்றி நான் மென்மையாகப் பேசமாட்டேன். பல ஆண்டுகள் ஏறத்தாழ 20 லட்சம் டன் அளவுக்குக் கந்தக டை ஆக்சைடை அவை காற்றில் கலந்தன. நகருக்குள்ளேயே இருந்த பழைய நிக்கல் ஆலை 2016-இல்தான் மூடப்பட்டது. 2020 மே மாதம் ஓர் அனல்மின் நிலையத்தின் எரிபொருள் தொட்டி சரிந்து, 20,000 டன்னுக்கு மேல் டீசல் கொட்டி, அம்பார்னயா ஆறு சிவந்துபோனது. உலகம் முழுவதும் மின்னணுப் பொருட்களுக்கும் வாகனங்களுக்கும் தேவைப்படும் நிக்கலும் பல்லேடியமும் அங்கிருந்து வருகின்றன. ஆகவே அந்தப் புகையில் நமக்கும் பங்குண்டு, உங்கள் கேமராவுக்கும் பங்குண்டு.

படமெடுக்கத்தான் வேண்டுமென்றால் வீடுகளின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். அங்கே நிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. வீட்டின் சூடு இறங்கினால் நிலம் இளகி, வீடே சரிந்துவிடும். ஆகவே தூண்களை ஆழமாக இறக்கி, அவற்றின் மேல் கட்டடத்தைத் தூக்கி நிறுத்தி, அடியில் குளிர்காற்று போய்வர இடம் விட்டிருக்கிறார்கள். இந்த முறையை அங்கே நிலைநாட்டிய மிகயீல் கிம், கொரிய வம்சாவளியைச் சேர்ந்த பொறியாளர். அவரும் அந்த முகாமில் கைதியாக இருந்தவர்தான். அந்தப் பன்மாடிக் குடியிருப்புகள் அவருடைய அறிவின்மேல் நிற்கின்றன. இப்போது பூமி சூடாவதால் அந்த உறைநிலம் இளகுகிறது, சுவர்களில் விரிசல் விடுகிறது, குடியிருப்புகளை இடிக்க வேண்டியிருக்கிறது. உங்களைக் கவர்ந்த அந்தக் காணொளியில் இதெல்லாம் இருந்ததா?

டிசம்பரில் போகாதீர்கள். நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் எழுவதில்லை, நண்பகலில் சற்று நேரம் மங்கலான வெளிச்சம் மட்டும் இருக்கும். குளிரும் காற்றும் உங்களை விடுதி அறையிலேயே அடைத்துப்போடும். ஊர்க்காரர்களோடு நாலு வார்த்தை பேசவும் வாய்க்காது. ஆகஸ்டின் பிற்பகுதியில் போங்கள். வாளியோடு கிளம்புகிறவர்களோடு சேர்ந்து நடங்கள். ஷ்மித் மலையடிவாரத்தில் முகாமில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னங்கள் இருக்கின்றன; போலந்துக்காரர்களும் பால்டிக் நாட்டவர்களும் தங்கள் மக்களுக்காகத் தனித்தனியே எழுப்பியவையும் அவற்றில் உண்டு. அங்கே ஒரு முழுப் பகலைச் செலவிடுங்கள். உர்வான்ட்செவின் அந்த முதல் வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. நான்கு நாட்கள் போதாது.

அனுமதி கைக்கு வராமல் விமானச்சீட்டு வாங்காதீர்கள். 2022 மார்ச்சுக்குப் பிறகு நம் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் ரஷ்யாவில் செல்லாது, பணமாகவே கொண்டுபோங்கள். ஆலைகளையும் விமான நிலையத்தையும் யாரையும் கேட்காமல் படமெடுக்க வேண்டாம். திரும்பும்போது நொரில்ஸ்க் விமானத்துக்கும் மாஸ்கோவிலிருந்து இந்தியா வரும் விமானத்துக்கும் நடுவில் சில நாட்கள் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள், வானிலை கெட்டால் அந்த விமான நிலையத்தை மூடிவிடுவார்கள். அழைப்புக் கடிதத்துக்கு ரஷ்ய மொழியில் எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், செய்து தருகிறேன்.