எட்டு வருஷ கஸ்டமருக்கு வாசலில் தடை: காசு திரும்புமா, கதவு திறக்குமா?

கேள்வி: சார், எனக்கு பெரம்பூர். வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஒரு ஓட்டல் பாருக்கு எட்டு வருஷமா போய்க்கிட்டு இருக்கேன். சுவர் பூரா டிவி, மேட்ச் நாள்ல உட்கார இடம் கிடைக்காது. 2025 மார்ச் 28, சேப்பாக்கத்துல சிஎஸ்கே - ஆர்சிபி மேட்ச். டிக்கெட் கிடைக்கல. சரி, பார்லயே பார்த்துக்கலாம்னு ஆறு பேருக்கு டேபிள் கேட்டேன். தலைக்கு ஆயிரம்னு ஆறாயிரம் ஜிபே பண்ணச் சொன்னாங்க, பண்ணேன். ‘பெரிய ஸ்கிரீன் முன்னாடி டேபிள், ஏழு மணி, கன்ஃபர்ம்டு. அட்வான்ஸ் பில்லுல கழிச்சிக்கலாம்’னு வாட்ஸ்அப்ல பதில் வந்துச்சு.

ஏழேகாலுக்குப் போனா எங்க டேபிள்ல வேற ஒரு கூட்டம். எங்களைத் தூணுக்குப் பின்னாடி உட்கார வச்சாங்க. அங்கே இருந்த சின்ன டிவியும் சேஸிங் நேரத்துல நின்னுபோச்சு. ‘இந்தக் கணக்கு வேறு கருவிகளில் பயன்பாட்டில் உள்ளது’ங்கிற மாதிரி ஒரு மெசேஜ் மட்டும் வந்து நின்னுச்சு. தோனி ஒன்பதாவது ஆளா இறங்குனப்போ பக்கத்து டேபிள் பையனோட போனை எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தோம். கேட்டா மேனேஜர், ‘தோத்த மேட்ச்தானே சார், பாக்காததே நல்லது’ங்கிறாரு. சிக்கன் 65 ஆறிப்போய் வந்துச்சு.

பில்லு: சாப்பாடு 3,800, சரக்கு 5,400, சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம்னு 920, வரி தனி. அட்வான்ஸ் சாப்பாட்டுக்கு மட்டும்தான் கழியுமாம். மிச்சம் 2,200 திரும்பாதாம். சண்டை போட்டேன். ‘நீங்க நம்ம ஆளு, பெருசு பண்ணாதீங்க, ஓனர்கிட்ட பேசறேன்’னாரு. பேசறேன் பேசறேன்னே மாசம் ஓடிடுச்சு. வெறுத்துப்போய் கூகுள்ல ஒரு ஸ்டார் போட்டு, அன்னைக்கு ஆர்டர் எடுத்த கேப்டன் பேரோட எல்லாத்தையும் எழுதினேன். எடுக்கச் சொன்னாங்க. ‘பத்தாயிரம் குடுங்க, எடுத்துடறேன்’னு மெசேஜ் அனுப்பினேன். அடுத்த தடவை போனப்போ வாசல்லயே செக்யூரிட்டி நிறுத்திட்டாரு. ‘மேனேஜ்மென்ட் ஆர்டர் சார்.’ கூட வந்தவங்க முன்னாடி மானமே போச்சு. என் போட்டோவை ஸ்டாஃப் குரூப்புல போட்டிருக்காங்கன்னு உள்ளே வேலை செய்யற தம்பி ஒருத்தர் சொன்னாரு. ரிவ்யூவை எடுக்கலைன்னா மானநஷ்ட கேஸ் போடுவாங்களாம். நான் அஞ்சு லட்சம் நஷ்டஈடு கேக்கலாமா? உள்ளே விடச் சொல்லி ஆர்டர் வாங்க முடியுமா?
(பெயர் வேண்டாம், பெரம்பூர்)

பதில்: முதலில் அந்த எட்டு வருஷத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். உங்களுக்கு வலிப்பது அதுதான், புரிகிறது. ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ரெகுலர் கஸ்டமர் என்று ஒரு வகை கிடையாது. நேற்று முதல் தடவை வந்து ஒரு லெமன் சோடா குடித்தவருக்கும் உங்களுக்கும் அங்கே ஒரே தட்டு. ‘நம்ம ஆளு’ என்று மேனேஜர் சொன்னதே உங்களை மாதக்கணக்கில் இழுத்தடிக்கத்தான் பயன்பட்டிருக்கிறது.

உங்கள் பலம் ஆறாயிரம் ரூபாயிலும் அந்த வாட்ஸ்அப் பதிலிலும் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு, எந்த இடத்தில் டேபிள், எத்தனை மணிக்கு, அட்வான்ஸ் எப்படிக் கழியும் என்று எழுத்தில் சொல்லிவிட்டார்கள். சொன்ன இடத்தைத் தராதது 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி சேவைக் குறைபாடு. ‘பில்லில் கழித்துக்கொள்ளலாம்’ என்று சொல்லிவிட்டு, பில் வரும்போது ‘சாப்பாட்டுக்கு மட்டும்’ என்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. அப்படி ஒரு நிபந்தனை இருந்தால் பணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எனவே 2,200 ரூபாய் உங்கள் பணம்.

ஒரு ஓட்டை இருக்கிறது. ஏழு மணி டேபிளுக்கு நீங்கள் ஏழேகாலுக்குப் போயிருக்கிறீர்கள். ஓட்டல் தரப்பு முதலில் இதைத்தான் பிடிக்கும். ‘இத்தனை நிமிடத்துக்கு மேல் டேபிளை வைத்திருக்க மாட்டோம்’ என்று அவர்கள் எங்கேயும் எழுதவில்லை, முழு அட்வான்ஸும் அவர்கள் கையில் இருந்தது, மேட்ச் தொடங்குவதோ ஏழரைக்கு. இதை உங்கள் புகாரில் நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். மறைத்து வைத்து அவர்கள் வாயால் வந்தால்தான் கெடுதல்.

அடுத்தது சர்வீஸ் சார்ஜ். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே, எந்தப் பெயரிலும் இதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள் எது தெரியுமா? 2025 மார்ச் 28. நீங்கள் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதே வெள்ளிக்கிழமை! சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. ஆனாலும் விருப்பப்பட்டால் தருவது, இல்லையென்றால் எடுக்கச் சொல்வது என்பதுதான் வழிகாட்டுதலின் நிலை. ஆக 920-ஐயும் கேளுங்கள், அதன்மேல் ஜிஎஸ்டி போட்டிருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். சரக்குக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரிதான். பில்லில் ஜிஎஸ்டி எந்தத் தொகைமேல் விழுந்திருக்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பார் பில்லில் அடிக்கடி கோணல் ஏற்படும் இடம் அது.

சிக்கன் 65-ஐ விட்டுவிடுங்கள். திருப்பி அனுப்பாமல் சாப்பிட்டு முடித்தாயிற்று, இனி அது சூடாக வந்ததா ஆறி வந்ததா என்பதற்கு அத்தாட்சி இல்லை. டிவி நின்றதைச் சொல்லலாம். அந்த மெசேஜைப் பார்த்தால் வீட்டுக்கு வாங்கும் ஓடிடி சந்தாவை வைத்துக் கடையை ஓட்டியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. வணிக இடத்தில் அது செல்லாது. ஆனால் அது ஒளிபரப்பாளருக்கும் அவர்களுக்கும் இடையிலான கணக்கு. மேட்ச் காட்டுகிறோம் என்று காசு வாங்கிவிட்டுக் காட்டவில்லை என்பதோடு நீங்கள் நின்றுகொள்ளுங்கள்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத பகுதி. ‘பத்தாயிரம் குடுங்க, எடுத்துடறேன்’ என்று அனுப்பினீர்களே, இந்த விவகாரத்தில் உங்கள் பக்கம் நடந்த பெரிய தப்பு அதுதான். அந்த ஒரு வரியை வைத்து, காசு பறிக்கத்தான் ரிவ்யூ எழுதினார் என்று அவர்களால் சொல்ல முடியும். இனி அந்தத் தொனியில் ஒரு மெசேஜும் போகக் கூடாது. போனதை அழிக்கவும் வேண்டாம், அவர்களிடம் அது இருக்கிறது. ‘கோபத்தில் அனுப்பியது, அதைத் திரும்பப் பெறுகிறேன், எனக்கு வரவேண்டியது இவ்வளவுதான்’ என்று ஒரு பதில் போட்டுவிடுங்கள்.

ரிவ்யூவை எடுக்க வேண்டியதில்லை, திருத்துங்கள். கேப்டன் பெயர் எதற்கு? டேபிளை மாற்றிக் கொடுத்தது அந்தப் பையனா? அவருக்குச் சொன்னதை அவர் செய்திருக்கிறார். தேதி, கட்டிய தொகை, சொன்னது, தந்தது, பில்லில் வந்தது, இவை மட்டும் இருக்கட்டும். ‘திருட்டுப் பசங்க’ மாதிரி வார்த்தை இருந்தால் எடுத்துவிடுங்கள். அவதூறுக்கு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. பொது நன்மைக்காக உண்மையைச் சொல்வதற்கும், நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வதற்கும் அதிலேயே விலக்கு இருக்கிறது. பில்லும் வாட்ஸ்அப்பும் கையில் உள்ளவர் மீது வழக்குப் போட ஓட்டல்காரர்கள் அவசரப்பட மாட்டார்கள், அந்தக் காகிதங்கள் கோர்ட்டுக்கு வருமே.

கதவைத் திறக்கச் சொல்லி ஆர்டர் கிடைக்குமா? கிடைக்காது. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி ஓட்டலிலோ கடையிலோ கேளிக்கை இடத்திலோ ஒருவரைத் தடுக்க முடியாது. அரசியல் சட்டத்தின் 15(2) அதைத் தடுக்கிறது. ஆனால் சண்டை வந்த வாடிக்கையாளரை ‘இனி வேண்டாம்’ என்று ஒரு தனியார் ஓட்டல் சொல்லலாம். மனசுக்குக் கஷ்டம்தான். அட்வான்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விடாமல் இருந்தால் கதை வேறு, உங்களுக்கு அப்படி நடக்கவில்லை. போட்டோ விஷயத்தையும் இழுக்காதீர்கள். இழுத்தால் முதலில் வேலை போவது உங்களிடம் சொன்ன தம்பிக்கு.

ஐந்து லட்சம்? வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் வரம்பும் நீங்கள் கொடுத்த தொகையை வைத்து முடிவாகின்றன, கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல. ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. அதனால்தான் பலரும் வாய்க்கு வந்த தொகையைப் போடுகிறார்கள். மூவாயிரத்துச் சொச்சத்துக்கு ஐந்து லட்சம் கேட்கும் மனுவைப் படிப்பவருக்கு உங்கள் ஆறாயிரம் மறந்துபோகும், ஐந்து லட்சம்தான் கண்ணில் நிற்கும். நானாக இருந்தால் 2,200, 920, அதன் வரி, மன உளைச்சலுக்குப் பதினைந்தாயிரம், வழக்குச் செலவு என்று நிறுத்திக்கொள்வேன்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பில் தெர்மல் பேப்பராகத்தான் இருக்கும், எழுத்து மங்கிவிடும். இன்றே ஜெராக்ஸ் எடுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள். போர்டில் உள்ள பெயர் வேறு, கம்பெனி பெயர் வேறாக இருக்கும். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் சட்டப்படியான பெயர் வரும், நோட்டீஸ் அந்தப் பெயருக்குப் போக வேண்டும். பதினைந்து நாள் கெடு கொடுத்து ஒரு பக்கத்தில் முடியுங்கள். தபாலில் ரெஜிஸ்டர்டு போஸ்ட் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அதனால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய சிசிடிவி பதிவு இந்நேரம் அழிந்திருக்கும், அதை நம்பாதீர்கள். கூட வந்த ஐந்து பேரில் ஒருவர் எழுதித் தந்தால் போதும்.

இதற்கிடையில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே காசைத் திருப்பி விடுகின்றன. அதிலும் நடக்கவில்லையென்றால் நுகர்வோர் வழக்குகளை ஆன்லைனில் தாக்கல் செய்யும் இ-ஜாக்ரிதி தளம் வழியாகச் சென்னை வடக்கு மாவட்ட ஆணையத்தில் மனு. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பில் இழுக்கும். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போயாக வேண்டும், அதாவது 2027 மார்ச் 28-க்கு முன். ‘ஓனர்கிட்ட பேசறேன்’ என்று அவர்கள் இழுத்த மாதங்களை யாரும் கழித்துத் தர மாட்டார்கள்.

கேள்வி: ஏசி பாரில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 60 ரூபாய் போட்டார்கள். எம்ஆர்பிக்கு மேல் வாங்குவது குற்றம்தானே?
(வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: கடையில் குற்றம். உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டலில் இல்லை. 2017 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் இதை முடித்துவிட்டது. அங்கே விற்பது வெறும் பாட்டில் அல்ல, இடமும் பரிமாறலும் சேர்ந்தது என்பது அதன் வாதம். எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை, ஆனால் இன்றைய சட்டம் அதுதான். மெனு கார்டில் 40 என்று இருந்து பில்லில் 60 வந்ததா? அப்படியானால் சண்டை போடுங்கள். அடுத்த முறை பாட்டில் வேண்டாம், சாதா தண்ணீர் கொடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: உலகக் கோப்பை கால்பந்து ஃபைனலுக்கு எங்க டீம் பசங்க எல்லாம் சேர்ந்து ஒரு மினி ஹாலும் புரொஜெக்டரும் வாடகைக்குப் பேசியிருக்கோம். முழுப் பணத்தையும் முன்னாடியே கேக்கறாங்க. குடுக்கலாமா?
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: பாதி கொடுங்கள், மீதியைப் படம் திரையில் தெரிந்த பிறகு கொடுங்கள். அதைவிட முக்கியமாகத் தேதியைப் பாருங்கள். நியூஜெர்சியில் 2026 ஜூலை 19 மதியம் மூன்று மணிக்கு நடக்கும் ஆட்டம் நமக்கு ஜூலை 20, இரவு பன்னிரண்டரை. ரசீதில் ‘19 இரவு’ என்று மட்டும் எழுதி வாங்கினால், 19-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு ஹாலைப் பூட்டிவிட்டு ‘உங்க டைம் முடிஞ்சது’ என்று சொல்ல இடம் இருக்கிறது. ‘19 இரவு 11 முதல் 20 விடியற்காலை 4 வரை’ என்று எழுதி வாங்குங்கள். எக்ஸ்ட்ரா டைம், பெனால்ட்டி எல்லாம் அதற்குள் அடங்கும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் யார் செலவு, நெட் யாருடையது, நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதும் அதே ரசீதில் வரட்டும். வெளியாட்களிடம் டிக்கெட் மாதிரி காசு வசூல் செய்யாதீர்கள். செய்தால் அது வணிகக் காட்சியாகிவிடும், உரிமம் வைத்திருப்பவரின் அனுமதி தேவைப்படும். அப்புறம் புகார் கொடுக்க வேண்டிய நீங்களே பதில் சொல்ல வேண்டியவர்களாகிவிடுவீர்கள்.