ஹீலா செல்லில் டிஎன்எஃப் ஏன் எடுபடவில்லை?

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்காக ஹீலா என்ற புற்றுச் செல்களில் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற சைட்டோகைனை (செல்களுக்கிடையே சேதி சொல்லும் புரதம்) சேர்த்தேன். கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் எச்பிவி வைரஸின் ஈ6, ஈ7 என்ற புற்று மரபணுக்களை அது அடக்கும் என்று படித்திருந்தேன். எனக்கோ ஒரு மாற்றமும் இல்லை. சைட்டோகைன் கெட்டுவிட்டதா?

பதில்: புதுக் குப்பி வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். டிஎன்எஃப் சேர்த்த பதினைந்து, முப்பது நிமிடங்களில் செல்லை எடுத்து, வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைக் காட்டும் சோதனை) ஐகேபா-பி-ஆல்ஃபா, அதாவது டிஎன்எஃப் சேதி வந்ததும் சிதையும் புரதம், குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் சைட்டோகைன் வேலை செய்கிறது, செல்லும் அதைக் கேட்கிறது. வைரஸ் மரபணு மட்டும்தான் அசையவில்லை.

அது அசையாமல் இருப்பதில் வியப்பில்லை. நீங்கள் படித்த அடக்கும் விளைவு பெரும்பாலும் எச்பிவியால் சாகாவரம் பெற்ற, ஆனால் இன்னும் கட்டியாக மாறாத கெரட்டினோசைட்டுகளில் (மேல்தோல் செல்கள்) கண்டது. ஹீலாவோ 1951-இல் ஒரு கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த, ஏற்கெனவே கட்டியாகிவிட்ட செல்.

ஈ6, ஈ7-ஐ முடுக்கிவிட வைரஸ் நம் செல்லின் புரதங்களைத்தான் நம்பியிருக்கிறது. அதில் முக்கியமானது மரபணுக்களை இயக்கும் ஏபி-1. இது ஜோடியாகச் சேர்ந்து இயங்கும். ஜோடி மாறினால் விளைவும் மாறும். ஜெர்மனியின் ஹைடல்பர்கில் ரோஸ்ல் குழுவினர், ஹீலாவைச் சாதாரண ஃபைப்ரோபிளாஸ்டோடு (இணைப்புத் திசுச் செல்) இணைத்த கலப்புச் செல்களில் இதை ஆராய்ந்தார்கள். கட்டி உண்டாக்காத கலப்பில் டிஎன்எஃப் வைரஸ் படியெடுப்பை அடக்கியது. அங்கே ஏபி-1 ஜோடியில் சி-ஜுன் புரதத்துக்குத் துணை ஃப்ரா-1. கட்டி உண்டாக்கும் செல்களில் அந்த இடத்தில் சி-ஃபாஸ். அங்கே அடக்கம் இல்லை. ஆக, 'எதிர்ப்பு சக்தி கூடினால் வைரஸ் அடங்கும்' என்று ஆய்வேட்டில் பொதுப்படையாக எழுதிவிடாதீர்கள். போதாக்குறைக்கு, எச்பிவி18-இன் ஈ7, அந்நிய டிஎன்ஏ வந்ததை அறிவிக்கும் ஸ்டிங் புரதத்தைப் பிடித்து, வைரஸ் எதிர்ப்புப் புரதமான இன்டர்ஃபெரானுக்கான எச்சரிக்கையையே மழுக்கிவிடுகிறது.

சரி, அளவிடும் முறைக்கு வருவோம். ஹீலாவில் இருப்பது எச்பிவி18. சிஹா, காஸ்கி என்ற மற்ற கருப்பைவாய்ப் புற்றுச் செல்களில் எச்பிவி16. பிசிஆரில் பிரைமர் (மரபணுவைத் தேடிப்பிடிக்கும் டிஎன்ஏ துணுக்கு) மாறிப்போனால் எல்லாம் வீண். வைரஸ் டிஎன்ஏ குரோமோசோமிலேயே ஒட்டியிருப்பதால் ஆர்என்ஏ-வை டிஎன்ஏஸ் (டிஎன்ஏ-வை வெட்டும் நொதி) கொண்டு சுத்தம் செய்து, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏ-வை டிஎன்ஏ-வாக்கும் நொதி) சேர்க்காத ஒரு குழாயையும் கட்டாயம் ஓட்டுங்கள். செல்லுக்குச் சுமார் 600 வைரஸ் பிரதிகள் உள்ள காஸ்கியில் இதை விட்டால் நீங்கள் எண்ணுவது டிஎன்ஏ-வைத்தான். ஒப்பீட்டு மரபணு ஒன்று போதாது, டிஎன்எஃப் அதையும் மாற்றக்கூடும், இரண்டு வையுங்கள். எச்பிவி இல்லாத சி33ஏ செல்லில் ஈ6 சிக்னல் வந்தால், அந்தப் பிசிஆர் தட்டை அப்படியே ஒதுக்கிவிடலாம்.