வீட்டில் பிரெட் சுட்டு விற்றால் கட்டுப்படியாகுமா?

வீட்டுக்குச் சுடும் பிரெட்டையே அக்கம்பக்கத்தில் விற்கலாமா, மாவு ஏன் சிலசமயம் பொங்கி அமுங்கிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விற்கலாம், ஆனால் முதலில் மாவு கைக்கு வர வேண்டும்.

500 கிராம் மைதாவுக்கு 310 மில்லி தண்ணீர், 9 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை, வெண்ணெய். நம் ஊர் வெயிலுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டவே வேண்டாம், பானைத் தண்ணீர் போதும். சித்திரையில் முக்கால் மணி நேரத்திலேயே மாவு இரண்டு மடங்காகிவிடும். அதனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். அச்சில் வைத்த மாவை விரலால் மெல்ல அழுத்துங்கள். குழி நிதானமாகப் பாதி எழும்பினால் உடனே அடுப்பில் வையுங்கள். எழும்பாமலே கிடந்தால் நேரம் தப்பிவிட்டது, அதுதான் அமுங்குகிறது.

அப்புறம் விற்பனை. வாரம் இரண்டு நாள், சொல்லிவைத்தவர்களுக்கு மட்டும் சுடுங்கள். பிரிசர்வேட்டிவ் போடாத பிரெட் இந்தப் புழுக்கத்தில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். விலையில் கரண்டு செலவும் உங்கள் கூலியும் சேர வேண்டும். பல பெண்கள் தங்கள் உழைப்பைக் கணக்கிலேயே எழுதுவதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். வீட்டுச் சமையலறையானாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு கட்டாயம். அவர்களுடைய ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். சூடு முழுதாக ஆறிய பிறகே பையில் போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும்.