ஸ்மார்ட் போர்டு வந்தும் வகுப்பு ஏன் சோர்கிறது?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் துறைத் தலைவராக இருக்கிறேன். ஸ்மார்ட் போர்டு, வருகைப்பதிவுச் செயலி எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் ஆசிரியர்கள் முன்பைவிடக் களைத்திருக்கிறார்கள், பாடம் நடத்துவதிலும் பிடிப்பில்லை. இன்னொரு பயிற்சி முகாம் வைக்கலாமா?

பதில்: முகாம் இருக்கட்டும். முதலில் ஒருநாள் உங்கள் துறையில் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே வகுப்பின் வருகையை எத்தனை இடத்தில் எழுதுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். செயலியில், அட்டெண்டன்ஸ் நோட்டில், ஒர்க் டைரியில், மாதக் கடைசியில் எக்செல்லில். செயலி வந்தபோது நோட்டை நிறுத்த யாருக்கும் துணிவில்லை. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்பார்கள். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆசிரியரை நம்பாத பழக்கம்தான் களைப்பைக் கொண்டுவருகிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். மொத்தப் பணி 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பாடம் தயாரிக்கவும், விடைத்தாள் திருத்தவும், ஆய்வுக்கும், மாணவரோடு பேசவும் மிச்சமிருப்பது 24 மணி நேரம். கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் ‘நாக்’ (NAAC) அமைப்புக்கான கோப்பும், ‘நாளைக் காலைக்குள் அனுப்பவும்’ என்று இரவு பத்து மணிக்கு வரும் வாட்ஸப் செய்தியும் அதைத்தான் தின்கின்றன. தயாரிப்பில்லாமல் போகிறவர் போர்டில் ஸ்லைடைப் போட்டு வாசித்துவிட்டு வருகிறார்.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் புரொஜெக்டர் கேபிளை பீரோவில் பூட்டிவைப்பார்கள். சாவிக்குக் காத்திருந்தே ஓர் இளம் ஆசிரியருக்கு மூன்று வகுப்புகளில் பாதி நேரம் போனது. நாலாம் முறை அவர் கேட்கவே இல்லை, சாக்பீஸோடு போனார். அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

ஒரு கருவியை மனிதர்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989இல் ஆராய்ந்தார். இயக்க எளிதாக இருப்பதைவிட, தன் வேலைக்கு உதவுகிறது என்ற எண்ணமே வலுவான காரணமாக இருந்தது.

ஆகவே கருவி தங்கள் பாடத்துக்கு உதவுவதை ஆசிரியர்கள் நேரில் பார்க்கட்டும். அதற்கு வெளியாளை அழைக்காமல், உங்கள் துறையிலேயே இருவரைச் சேர்த்துவிடுங்கள். பேரேட்டுப் பதிவை மூத்தவர் விளக்கட்டும், இளையவர் போர்டில் போட்டுக் காட்டட்டும். ஐம்பதைத் தாண்டியவர் முகாமில் ‘தெரியாது’ என்று கைதூக்க மாட்டார். டீ குடிக்கும்போது பக்கத்துச் சீட்டுக்காரரிடம் கேட்பார். நாக் விவரங்களுக்குப் பொதுவான கூகுள் ஷீட் ஒன்று போதும், நிகழ்ச்சி முடிந்த அன்றே அவரவர் வரியை நிரப்பிவிடலாம். மாலை ஆறுக்குப் பிறகு குழுவில் வேலை சொல்வதில்லை என்று நீங்களே தொடங்கிவையுங்கள்.

மாதக் கடைசியில் செயலியின் அச்சுப்படியில் கையெழுத்திட்டால் நோட்டை நிறுத்திவிடலாமா என்று இந்த வாரமே முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள்.